மளிகைச் சீட்டுக்குள் ஒரு மலை

ஜூன் 12, திங்கள்

விடிந்ததிலிருந்து புழுக்கம். கரண்ட் 10 முதல் 12 வரை இல்லை. பிரவுசிங் சென்டரில் மூன்று கம்ப்யூட்டரும் ஊமை. ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் பத்திர ஆபீஸ் வாசல் வேப்பமரத்தடியில்.

செய்ய வேண்டியவை: ஜெராக்ஸ் பேப்பர் இரண்டு கட்டு. இரண்டாம் நம்பர் மவுஸ். பல் டாக்டர் (தள்ளிப்போடலாம்).

முந்தாநாள் வந்த மெட்ராஸ் பையன்கள் மூன்று பேரும் மனத்தை விட்டுப் போகவில்லை. கார், தொப்பி, கையில் செல்போன் மாதிரி ஒரு கருவி. ஜி.பி.எஸ்.ஸாம். வானத்துச் செயற்கைக்கோளைக் கேட்டு, நிற்கிற இடத்தின் எண்ணைச் சொல்லுமாம். உலகம் முழுக்க இப்படி ஒரு விளையாட்டு: ஒருவர் காட்டிலோ மலையிலோ ஒரு டப்பாவை ஒளித்துவிட்டு, இடத்தின் எண்களை இன்டர்நெட்டில் போடுவார். மற்றவர்கள் தேடிப் போய், உள்ளே இருக்கும் நோட்டில் பெயர் எழுத வேண்டும். சிலர் எண்ணை நேராகப் போடாமல் புதிராகப் போடுவார்கள். அப்படி ஒரு புதிர் டப்பா நம் ஊர்ப் பக்கத்து மலையில் இருக்கிறதாம். ஐந்து மாதமாக யாரும் எடுக்கவில்லை.

பிரிண்ட் எடுத்துக் கொடுக்கும்போது எட்டிப் பார்த்தேன். கையால் எழுதி ஸ்கேன் செய்த மளிகைச் சீட்டு. "இதுல இன்னா கண்டுபுடிக்கணும்?" என்று கேட்டேன். தொப்பிக்காரன் சிரித்தான். "அக்கா, இது வேற மாதிரி கணக்கு. உங்களுக்குப் புரியாது. பிரிண்ட் மட்டும் குடுங்க."

பி.எஸ்ஸி. கணிதம், முதல் வகுப்பு. அவனிடம் சொல்லவில்லை. இங்கே எழுதிவைக்கிறேன்.

ஜூன் 13, செவ்வாய்

அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்துவிட்டேன். போட்டவர் இந்த ஊர்க்காரர், இப்போது வெளிநாட்டில். கீழே ஒரே ஒரு குறிப்பு: ஒட்டி நிற்கும் இரண்டு பாறை, நடுவே கை நுழையும். சீட்டு இதுதான்:

ஙவ்வாப்பழம் 2 படி
சர்க்கரை 3 கிலோ
அவல் 1 கிலோ
உளுந்து 5 கிலோ
கூழ்வடகம் அரை கிலோ
சப்ஜா விதை 100 கிராம்
அரிசி 25 கிலோ
சாம்பிராணி 1 பாக்கெட்
எள்ளு 200 கிராம்
ருமானி மாங்காய் 12

பையன்கள் கிலோவைக் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அந்த முதல் வரிதான் உறுத்துகிறது. நவ்வாப்பழம் (நாவல் பழம்தான்) என்பதை ஙவ்வாப்பழம் என்று எழுதியிருக்கிறார். தப்பு என்றார்கள் பையன்கள். மற்ற ஒன்பதிலும் ஒற்றுப்பிழைகூட இல்லை. அச்சு மாதிரி கையெழுத்து. அப்படிப்பட்டவர் முதல் எழுத்திலேயே தவறுவாரா?

மூத்தார் வந்து கல்லாப் பக்கம் நின்றுவிட்டுப் போனார். என் வீட்டுக்காரருடைய அண்ணன், பக்கத்துச் செருப்புக் கடை. இவர் சவுதியில், தம்மாமில் இருப்பதால் என்னைக் கண்காணிப்பது தம் பொறுப்பு என்று நினைப்பு. "கஸ்டமரு யாரும் இல்லியே, இன்னாத்த அப்டி பாத்துக்கினு கீற?" மளிகைச் சீட்டு என்றேன். உண்மைதானே.

ஜூன் 15, வியாழன்

கிடைத்துவிட்டது! கிடைத்துவிட்டது!

காலையில் ஒருவர் பாட்டன் காலத்துப் பத்திரம் கொண்டுவந்தார். பத்து வருடமாக இந்த மாதிரிப் பத்திரங்களைக் கண்ணாடி மேல் கவிழ்த்துப் போட்டுக்கொண்டிருக்கிறேன். எண்களெல்லாம் தமிழில். க என்றால் ஒன்று, உ இரண்டு, ங மூன்று.

ங மூன்று. கையில் பத்திரத்தோடு அப்படியே நின்றுவிட்டேன். ங-வில் தொடங்குகிற சாமான் எந்த மளிகைக் கடையிலும் இல்லை. அதனால்தான் நவ்வாப்பழத்தை இழுத்து ங போட்டிருக்கிறார். ச நாலு, அ எட்டு, உ இரண்டு, கூ ஒன்பது, எ ஏழு, ரு ஐந்து. ருமானியை ஏன் தேடிப் பிடித்தார் என்பதும் விளங்கிவிட்டது.

பத்து சாமான், பத்து எண். முதல் ஐந்து வடக்கு, அடுத்த ஐந்து கிழக்கு. இந்தப் பக்கம் முழுக்கப் பாகை 12, 79 தான்; சீட்டு சொல்வது அதற்கு மேல் வரும் கலை எண்.
வடக்கு 12 பாகை 34.829.
கிழக்கு 79 பாகை 48.475.

கம்ப்யூட்டரில் வானத்திலிருந்து எடுத்த படம் பார்த்தேன். மங்கல்தான். ஆனால் ஏரி தெரிகிறது, மதுராந்தகம் சாலை வளைவு தெரிகிறது, மலை ஒரு கறுப்புத் திட்டாக. எண் விழும் இடம் மலை அடிவாரம். பிரிண்ட் எடுத்து ஸ்கேலால் அளந்து புள்ளி வைத்தேன். கருவி எதற்கு?

அந்தப் பத்திரக்காரர், "இன்னாம்மா, ஜெராக்ஸ் ஆவலியா?" பாவம்.

ஜூன் 16, வெள்ளி

கஸ்தூரியிடம் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. இப்போது கிராம சுகாதார நர்ஸ், மொபெட்டில் பதினோரு ஊர் சுற்றுகிறாள். ரிப்போர்ட் ஜெராக்ஸுக்கு வந்தவளை உட்கார வைத்து முழுக்கச் சொல்லி முடித்தேன்.

"டப்பால இன்னா இருக்கும்?"

"ஒரு நோட்டு. பென்சில்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

ரிப்போர்ட்டை மடித்துப் பைக்குள் வைத்தாள். "ஞாயித்துக்கெழம எனக்கு லீவு. ஷூ போட்டுக்கினு வா. செருப்புல வந்தியோ பாதி வழில எறக்கி உட்டுடுவேன்."

ஜூன் 18, ஞாயிறு

ஆறரைக்குக் கிளம்பினோம். பர்தாவைச் சுருட்டி இடுப்பில் செருகி, இவருடைய பழைய கேன்வாஸ் ஷூ, இரண்டு ஜோடி சாக்ஸ். சாலை வளைவில் மொபெட்டை நிறுத்திவிட்டு என் காலடியை எண்ணிக்கொண்டே கிழக்கே. வேலிக்காத்தான் முள், சூரை முள், உன்னிப் புதர். துப்பட்டா மூன்று இடத்தில் கிழிசல்.

புள்ளி வைத்த இடத்தில் இருந்தது, கைவிட்ட கல் குவாரி. பள்ளமும் பச்சைத் தண்ணீரும். ஒட்டிய பாறை எதுவும் இல்லை. மூன்று மணி நேரம் சுற்றினோம். கஸ்தூரி குச்சியால் ஒவ்வொரு பொந்தாகத் தட்டினாள். "கைய உள்ள உட்டுடாத. கடிச்சா நாந்தான் ஊசி போடணும், லீவு நாளு அதுவுமா."

மேலிருந்து ஒரு சத்தம். வன வாச்சர். "யாரும்மா அது? ரெண்டு பொம்பளைங்கோ தனியா இங்க இன்னா பண்றீங்கோ? வூட்ல ஆம்பளைங்க இல்லியா?"

நான் பர்தாவை இறக்கிவிட்டுக்கொண்டேன். கஸ்தூரி குச்சியை ஊன்றி நின்றாள். "உம் பொண்ணுக்குப் பிரசவம் பாக்க வந்தப்ப தனியாத்தான் வந்தேன். மழையில வந்தேன். அப்ப இத கேட்டியா நீ?"

அவர் அடையாளம் கண்டுகொண்டார். தலையைச் சொறிந்துகொண்டு, "நர்சம்மாவா... பள்ளத்தாண்ட போவாதீங்க, ஆழம் ஜாஸ்தி" என்று போய்விட்டார்.

வெறுங்கை. உதடு வெடித்து எரிகிறது. ஆனால் தோற்றதாகத் தோன்றவில்லை. எங்கோ ஒரு எண் தப்பு, அவ்வளவுதான்.

ஜூன் 20, செவ்வாய்

சேதி மூத்தார் காதுக்குப் போய்விட்டது. கடை நிறைய ஆட்கள் இருக்கும் நேரமாகப் பார்த்து வந்தார்.

"மலையில இன்னா வேல உனக்கு?"

"ஒரு டப்பா தேடினு போனேன், அண்ணே."

"டப்பாவா? பஜார்ல நாலு பேரு நாலு விதமா பேசறான். எந்தம்பி அங்க வெயில்ல வெந்துகினு கீறான், இவ மலை ஏர்றா. புள்ள குட்டி இருந்தா தெரியும். இல்லாதவளுக்கு எல்லாத்துக்கும் டைம் கீது."

பத்திர ஆபீஸ் ஆட்கள் எல்லாம் தரையைப் பார்த்தார்கள். நான் பார்க்கவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். "இன்னொரு தடவ போனீனா இந்தக் கடைக்குப் பூட்டுதான்" என்றார்.

"ஞாயித்துக்கெழம திரும்பப் போறேன், அண்ணே" என்றேன்.

அவர் போன பிறகு, மூன்றாம் நம்பர் மேஜைக்கு அடியில் வயரைச் சரிசெய்வது போல் குனிந்து உட்கார்ந்திருந்தேன். அழவில்லை. அப்படியே இருக்கட்டும், அழவில்லை என்றே எழுதுகிறேன்.

ஜூன் 21, புதன்

தம்மாமிலிருந்து போன். அண்ணன் முந்திக்கொண்டு எல்லாம் சொல்லியாகிவிட்டது.

"மும்தாஜ், கொஞ்ச நாளைக்கு சும்மா இரேன். நான் லீவுல வரும்போது நானே கூட்டிக்கினு போறேன்."

"லீவு எப்போ?"

"அடுத்த வருஷம் ரம்ஜானுக்கு..."

பதினைந்து மாதம். ஏர்போர்ட்டில் இவரைத் தனியாக வழியனுப்பியவள் நான். மாமனார் மௌத்தானபோது அடக்கம் வரை ஆள் விட்டு எல்லாம் பார்த்தவள் நான். கடையை நடத்துகிறவள் நான். மலைக்கு மட்டும் கை பிடித்துக் கூட்டிப் போக ஆள் வேண்டுமாம். சரி என்று சொல்லவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை. லைன் கட்டாகிவிட்டது.

சாப்பாடு: காலை மிச்சம். ருசி இல்லை.

ஜூன் 22, வியாழன்

மேகம். தூறல் மாதிரி, ஆனால் இல்லை.

இன்றைக்கு வந்த பத்திரம் ஒன்றில் நிலத்தின் அளவு. ச-வுக்கு ஒரு கால் வைத்து ஒட்டி எழுதினது போல ஒரு எண். ஓரத்தில் பிற்பாடு யாரோ இங்கிலீஷ் எண்ணில் எழுதியிருக்கிறார்கள்: 6.

ச நாலு. சா ஆறு!

சாம்பிராணியை நாலு என்று வாசித்துவிட்டேன். கிழக்கு 48.475 இல்லை, 48.675. கணக்குப் போட்டேன்: குவாரியிலிருந்து இன்னும் கிழக்கே முந்நூற்றறுபது மீட்டர். அடிவாரமே இல்லை, மலை உச்சி.

கஸ்தூரிக்கு போன். "உச்சியா? சரி. தண்ணி ரெண்டு பாட்டில் ஜாஸ்தியா எடுத்துக்க."

ஜூன் 23, வெள்ளி

மத்தியானம் கடைக்கு ஒரு போன். தொப்பிக்காரன் குரல். "அக்கா, ஞாயித்துக்கிழமை காலையில கடை இருக்குமா? ஒரு மேப் பிரிண்ட் எடுக்கணும். புதிரைக் கண்டுபிடிச்சுட்டோம்!" பின்னால் இன்னொருவன், "தாத்தாகிட்ட கேட்டோம்னு சொல்லாதடா."

"கடை லீவு, தம்பி" என்றேன். பொய் இல்லை.

ஜூன் 25, ஞாயிறு

ஐந்தரைக்கே கிளம்பிவிட்டோம். ஏரிக்கரையில் கொக்குகள். காற்று நன்றாக இருந்தது.

இந்தத் தடவை குவாரியைச் சுற்றிக்கொண்டு மேலே. பாதை பாதியோடு சரி, பிறகு ஆடு போன தடம், பிறகு அதுவும் இல்லை. பாறை வழுக்கிய இடத்தில் நான்கு காலில் ஏறினேன். ஒரு இடத்தில் முட்டி சிராய்ந்து ரத்தம். கஸ்தூரி அங்கேயே உட்கார வைத்து, பையிலிருந்து பஞ்சும் மருந்தும் எடுத்துத் துடைத்தாள். "எறங்கிடலாமா?" என்று கேட்டாள். "எறங்கலாம், பேர் எழுதிட்டு" என்றேன். அதற்கப்புறம் அவள் கேட்கவே இல்லை.

உச்சியில் காற்று அறைகிறது. கீழே நம் ஊர், ஏரி, வயல் எல்லாம் கைக்குட்டை அளவு. காரைச் செடிக்குப் பின்னால் இரண்டு பாறை, தோளோடு தோள் ஒட்டி. கஸ்தூரி குச்சியை விட்டு ஆட்டினாள். டங் என்றது.

எவர்சில்வர் டிபன் டப்பா. ரப்பர் துணி சுற்றி, கயிறு கட்டி. உள்ளே பென்சில், ஒரு பொம்மைக் குருவி, நாற்பது பக்க நோட்டு. முதல் பக்கத்தில் அச்சு மாதிரி அதே கையெழுத்து: இங்கே வந்தவர் பெயர் எழுதவும். அதன் கீழே வெறும் கோடுகள். ஒரு பெயரும் இல்லை.

என் கை வியர்வையில் தாள் நனைந்துவிட்டது. முதல் வரியில் எழுதினேன்: மு. மும்தாஜ், உத்திரமேரூர். இரண்டாவது வரியில் கஸ்தூரி. தேதி, மணி 8.10. 'கருவி இல்லாமல், நடந்து வந்தோம்' என்று சேர்த்தேன். டப்பாவை இருந்தபடியே கட்டி வைத்தோம்.

பிறகு இரண்டு பேரும் ஊரைப் பார்த்துக் கத்தினோம். என்ன கத்தினோம் என்று இங்கேகூட எழுத மாட்டேன்.

இறங்கும்போது பாதி வழியில் அந்த மூவர், மூச்சு வாங்கிக்கொண்டு. தொப்பிக்காரன் கண் என் முட்டிக் கட்டின்மேல்.

"அக்கா? நீங்க எப்படி இங்க?"

"டப்பா மேல கீது, தம்பி. காரைச் செடிக்குப் பின்னால. மூணாவது வரியில இருந்து காலியா கீது."

மற்ற இருவரும் கையிலிருந்த கருவியைப் பார்த்தார்கள். பிறகு அவன் தொப்பியைக் கழற்றினான். "சா ஆறுன்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" உண்மையாகவே தெரிந்துகொள்ளும் ஆசையோடு கேட்டான். நின்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

ஊருக்குத் திரும்பினால் கடை ஷட்டரில் புதுப் பூட்டு. என் பூட்டுக்குமேல் மூத்தார் பூட்டு. தலை அளவு.

ஜூன் 26, திங்கள்

வெயில். 9 மணிக்குப் பத்திர ஆபீஸ் திறக்கும். 8.45க்கு, எதிர் வெல்டிங் பட்டறையில் போய் நின்றேன். "பூட்டு ஒண்ணு அறுக்கணும், அண்ணே."

"சாவி தொலைஞ்சி பூச்சா?"

"இல்ல. என் கடையில யாரோ பூட்டு போட்டுட்டாங்க."

அவருக்கு யாரென்று தெரியும். பஜாருக்கே தெரியும். தயங்கினார். "பின்னாடி பிரச்சன வருமே, பாயம்மா." "வந்தா எங்கிட்ட வரும்" என்றேன். மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தார். நெருப்புப் பொறி சாலை வரை பறந்தது. மூத்தார் செருப்புக் கடை வாசலுக்கு வந்து பார்த்தார்.  அறுந்த பூட்டைக் கொண்டுபோய் அவர் கல்லா மேல் வைத்தேன். சுட்டது. "உங்க பூட்டு, அண்ணே."

ஷட்டரைத் தூக்கினேன். மூன்று கம்ப்யூட்டரும் ஒவ்வொன்றாக. நாலு பேர் பத்திரத்தோடு உள்ளே வந்துவிட்டார்கள். அதில் ஒருவர், "கடை தெறந்துதான கீது?" "தெறந்துதான் கீது."

பதினொன்றரைக்குத் தம்மாம் போன். எனக்கு முன்னால் அண்ணன் பேசியாகிவிட்டது, குரலிலேயே தெரிந்தது.

"பூட்ட அறுத்தியா?"

"அறுத்தேன்."

"மலைக்குப் போனியா?"

"போனேன். டப்பா கெடச்சிச்சி."

"இன்னா இருந்திச்சி அதுல?"

"ஒரு நோட்டு. பென்சிலு. ஒரு குருவி பொம்ம."

 லைனில் இரைச்சல். கட்டாகிவிட்டதோ என்று நினைத்தேன்.

"இதுக்கா இவ்ளோ?"

"ஆமா. இதுக்குத்தான்."

மறுபடி இரைச்சல். பிறகு, குரலைத் தாழ்த்திக்கொண்டு, பக்கத்தில் யாரோ இருக்கிற மாதிரி: "நோட்டுல வேற யாரு பேருனா இருந்திச்சா?"

"இல்ல. நாந்தான் மொதல்ல."