நீ எடுக்காத கிளிப்பச்சை

என் அன்புக்கும் அட்டகாசத்துக்கும் ஒரே ஆளாக இருந்த அக்காவுக்கு,

நாவற்குடாவில் உனக்கென்று கட்டிய சீதன வீடு இனி எனக்காம். முப்பத்தோராம் நாள் படையல் முடிந்து இலை எடுக்கும் முன்பே பெரியம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "மூத்தவள் இல்லாட்டி இளையவளுக்குத்தானே." நீ போனதில் எனக்கு லாபம். இப்படி எழுதினால் கோபம் வருமே உனக்கு. வரட்டும், எழும்பி வந்து அடி பார்ப்போம்.

ஹோல் சுவருக்கு நீ கேட்டது சாம்பல் நிறம். இரண்டு கிழமையாக நிற அட்டையை மூக்கில் ஒட்டிக்கொண்டு திரிந்தாய். வெள்ளைக் கர்ட்டன், மெல்லிய கால் வைத்த சோபா, மூலையில் ஒரேயொரு விளக்கு. "ஸ்டைல் எண்டா அடக்கமா இரிக்கணும்" என்று எனக்கு வகுப்பெடுத்தாய். "அடக்கம் பண்ற இடம் மாதிரித்தான் இரிக்கும்" என்றேன். சிரித்தாய்.

அன்று பின்னேரம் பெயின்ற் கடைக்கு உன் குரலில் போன் எடுத்து, நிறத்தின் எண்ணை மாற்றியது நான்தான். உன்னிடம் கடைசிவரை சொல்லவில்லை.

சுவர் நான்கும் கிளிப்பச்சை. நீ வாய் பிளந்து நிற்கும்போதே உனக்குப் பேசியிருந்த மாப்பிள்ளையின் தாய் வீடு பார்க்க வந்துவிட்டார். "இதென்ன புள்ள, வீடா கிளிக்கூடா?" நீ சமாளித்தாய்: "நான்தான் மாமி ஆசையா எடுத்தன்." பிறகு குசினிக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாய். நான் சிரிப்பை அடக்க முடியாமல் வாவிக் கரைக்கு ஓடினேன்.

அடுத்த கிழமை உனக்குக் காய்ச்சல். சாம்பல் கேட்டவளைச் சின்ன மண்முட்டி ஒன்றில் சாம்பலாகவே கொண்டு வந்தார்கள். இந்தப் பகிடிக்கு நானும் சிரிக்கவில்லை.

அம்மா அந்தச் சுவரைத் தொட விடுவதில்லை. "மூத்தவள் ஆசையா எடுத்த நிறம்" என்று வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறார். சோபாவுக்கும் பச்சை உறை தைத்தாயிற்று. அறைகளுக்கும் அதையே அடிக்க நேற்று பெயின்ற் அடிக்கிற பாஸைக் கூப்பிட்டார். நீ அழுத நிறத்தை உன் ஆசை என்று வீடு முழுக்கப் பூசப் போகிறார்கள். உண்மையைச் சொன்னால் அம்மாவிடம் மிச்சமிருக்கும் நீயும் போய்விடுவாய். சொல்லாவிட்டால்?

இன்று பாஸ் வந்து வாளியைத் திறக்கும்போது சொல்லிவிட்டேன்.

"அம்மா, அது அக்கா எடுத்த நிறமில்ல. நான்தான் போன் பண்ணி மாத்தினன்."

அம்மா பச்சைக் கர்ட்டன் துணியை மடிப்பதை நிறுத்தவில்லை.

"தெரியும் மனே. ஆஸ்பத்திரியில கொக்கா சொன்னவள். உன்ன ஏச வேணாம் எண்டும் சொன்னவள்."

"அப்ப ஏன் வாற ஆக்களிட்ட எல்லாம் அக்கா எடுத்தது எண்டு சொல்றீங்க?"

"நீ கேட்டுக்கொண்டு இரிக்கத்தான்."

பிறகு பாஸிடம் திரும்பினார். "உள்ளறையில இரிந்து தொடங்குங்க தம்பி. அது இவளுட அறை."

தெரிந்துகொண்டே என்னை ஏன் அடிக்காமல் போனாய், அக்கா? ஒரு அறை. அதோடு கணக்கு முடிந்திருக்குமே.

ஒன்று மட்டும் சத்தியம். நாளை யார் வந்து சுவரைப் பார்த்து வாய் திறந்தாலும், அம்மாவுக்கு முன் நான் முந்திக்கொள்வேன்: "இது நான் அடிப்பிச்ச நிறம். அக்கா கேட்டது வேற." மாப்பிள்ளையின் தாய் வந்தால் அவரை உட்கார வைத்தே சொல்வேன்.

உன் வீட்டில் குடியேறும்,
உன் தங்கச்சி