முன்னால் நின்ற தூசி

ஆடி 3, சனி. தென்காசி

விடிஞ்சதிலிருந்து சாரல். கொடியில போட்ட துணி அப்படியே ஈரம். ஆராய்ச்சிக் கட்டுரை திங்கட்கிழமை ஜர்னலுக்குப் போகணும், கைடு சார் கறாரா சொல்லிட்டார். ஆறு வருஷத்துல என் கையில தேறினது இது ஒண்ணுதான்: கேலக்ஸிக் கூட்டத்துக்கு நடுவுல, வெறும் வாயு மட்டும் இருக்கற இடத்துல, தூசி. அந்த வாயு கோடி டிகிரி சூடு. ஆனா தீப்பெட்டி அளவு இடத்துல ஒரு அணுகூடத் தேறாது. தூசி அங்க பிழைக்கவே கூடாது. பிழைச்சிருக்கு. அதைத் தாண்டி வர்ற ஒளி சிவந்திருக்கே. தூசி நீலத்தைத் தடுக்கும், சிவப்பை விட்டுடும்.

மத்தியானம் பூரா அந்தத் தூசிகூடவே இருந்தேன். பருப்பு அடிப்பிடிச்சிருச்சு.

ஆடி 4, ஞாயிறு

அக்காகூட குற்றாலம். ஐந்தருவியில நிக்க இடமில்லை. குளிக்கலை, தலைவலி. அக்கா போன்ல மலையைப் படம் எடுத்தா.

"என்னட்டி, மல இம்புட்டு மங்கலா விழுது?"

முந்தானையால லென்ஸைத் துடைச்சு மறுபடி எடுத்தா. மலை பளிச்சுனு இருந்துச்சு.

எனக்கு என் தூசி ஞாபகம் வந்துச்சு. எந்த ஒளியும் நம்ம பால்வீதித் தூசிக்குள்ள புகுந்துதான் இங்க வருது. அதுவும் ஒளியைச் சிவப்பாக்கும், அந்தச் சிவப்பைக் கழிச்சுட்டுத்தான் கணக்குப் பாக்கணும். புரோகிராம்ல அதுக்கு ஒரு வரி. முதல் வருஷ மார்கழியில ஏதோ சோதிக்க நானே அதை நிறுத்தி வச்சேன். திரும்பப் போட்டேனா?

பஸ்ல அக்கா: "மூஞ்சிய ஏன் தூக்கி வச்சிருக்க? சிப்ஸ் தின்னு." தின்னேன்.

வீட்டுக்கு வந்து பார்த்தேன். போடலை.

ஆடி 5, திங்கள்

லேசா வெயில். வரியைப் போட்டு ஓட்டினேன். ரெண்டு டீ. பதினோரு மணிக்கு முடிவு வந்துச்சு. சிவப்பு போச்சு. தூசி அங்க இல்லை, எல்லாம் நம்ம பால்வீதியோடது.

அப்படியே அனுப்பியிருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது. ஒரு நிமிஷம் நினைச்சேன், இல்லைன்னு சொல்லமாட்டேன்.

சாருக்கு போன் பண்ணித் தப்பைச் சொன்னேன். எந்த வரின்னு கேட்டார். அப்புறம், "சரிம்மா. கட்டுரையை நிறுத்திருவோம்."

அடுப்படியில உக்காந்து அழுதேன். அக்காட்ட சொன்னேன்.

"அப்போ அங்கன ஒண்ணுமே இல்லியா?"

"இல்லக்கா."

"அதையாட்டி ஆறு வருஷமா பாத்துக்கிட்டு இருந்த?"

ஆமா. அந்தத் தூசியை எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்துச்சு.

நேத்து எடுத்த படம் ரெண்டையும் அனுப்பட்டுமான்னு கேட்டா. மங்கலா விழுந்தது மட்டும் போதும்னேன்.