என் பேரில் மூன்று ஏக்கர்

பினாங்கு, புதன் இரவு.

பழைய மாணவர் சந்திப்புக்கு ஊரிலிருந்து வந்த என்னையும் நண்பன் சபாபதியையும் இன்று உள்ளூர் வானொலியில் பேட்டி கண்டார்கள். ஒருவருக்கு இவ்வளவு நிலம்தான் என்ற பழைய நில உச்சவரம்புச் சட்டம் பற்றிப் பேட்டி கண்ட பெண் கேட்டதும் சபாபதி சிரித்தான்.

"எங்க நிலம் எங்க போச்சு? இந்த வாத்தியார் பேர்லயே மூணு ஏக்கர் எழுதி வச்சோம்ல! அவருக்கே தெரியாதும்மா."

அந்தச் சட்டம் வந்த வருடம், பள்ளிக்கூடக் கட்டடத்துக்கு என்று அவன் நீட்டிய தாள் நினைவுக்கு வந்தது. படிக்காமல் கையெழுத்திட்டேன். படிக்காமல் கையெழுத்துப் போடாதே என்று வகுப்பில் ஆயிரம் உதாரணம் சொன்னவன் நான்.

அதே வருடம்தான், உபரி நிலத்தில் பங்கு கிடைக்குமா என்று கேட்டு வந்த எங்கள் ஊர்க் கூலியாள் காளியப்பனிடம், "சபாபதிகிட்ட மிச்ச நிலம் இல்லப்பா, நான் சொல்றேன்ல" என்றேன். என்னை நம்பித் திரும்பிப் போனான்.

வெளியே வந்ததும் சபாபதி, "தமாஷுக்குச் சொன்னேன்யா, கோவிச்சுக்கிட்டியா?" என்றான்.

காளியப்பன் மகன் இங்கே லாரி ஓட்டுகிறான். காலையில் அவன்தான் என்னை வானொலி நிலையத்தில் இறக்கிவிட்டான். "ரேடியோ போட்டுக்கிட்டே ஓட்டுறேன் சார், நீங்க நல்லா பேசுங்க. ராத்திரி ரூமுக்கு வந்து பார்க்கிறேன்" என்றான்.

இன்னும் அவன் வரவில்லை.