செல்வி கொடுக்காத மாத்திரை

ஜூலை 7, திங்கள்

மும்பையில் விடாத மழை. சுனாபட்டியில் தண்டவாளம் முங்கி டிரெயின் நின்றுவிட்டது. யூனிஃபார்மில் முழங்கால் வரை சேறு. ஆஸ்பத்திரி ஓ.பி.டி.க்கு லேட்.

முதல் நோயாளி இசக்கிமுத்து, ராணுவத்தில் நாயக். மலைப்பாதையில் ராணுவ வண்டி கவிழ்ந்து மூளையின் முன்பக்கம் அடி. சாப்பிடு என்றால் சாப்பிடுவான். இல்லாவிட்டால் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். என் ஆய்வில் இருக்கிற மாத்திரை இவனைக் கிளப்பிவிட வேண்டும். கிளப்பவில்லை.

மனைவி செல்வியிடம் கேட்டேன். “நல்லாத்தான் இருக்காவ, மேடம். ஒரு தொந்தரவும் இல்ல.” கேஸ் ஷீட்டில் ‘குடும்பத்தாருக்குப் புரிதல் போதாது’ என்று எழுதினேன்.

இருபது வருஷமாக ராணுவ வைத்தியம். உயிரைப் பிடித்து நிறுத்தியிருக்கிறேன், சரி. ஒருத்தனையாவது பழைய ஆளாக வீட்டுக்கு அனுப்பினேனா? வெறுத்துப்போய்விட்டது.

ஜூலை 10, வியாழன்

தாராவி, இசக்கிமுத்து (இ.மு.) வீடு. ஒற்றை அறை. தையல் மெஷின், தைத்த பைகள் கூரை வரை. அரிசி டப்பாவுக்குப் பின்னால் மாத்திரை அத்தனையும், அட்டைகூடப் பிரிக்காமல்! செல்வி கொடுக்கவே இல்லை. கத்தித் தீர்த்தேன். அவள் குனிந்து பையைத் தைத்துக்கொண்டே இருந்தாள். எனக்கு இருந்த கோபத்தில் ஏன் என்று கேட்கவும் தோன்றவில்லை. இனி பக்கத்துச் சந்தில் இருக்கும் இ.மு.வின் அண்ணன் வந்து கையால் கொடுப்பார்.

வாங்க வேண்டியவை: குடை, காப்பிப்பொடி (மாட்டுங்கா), அம்மாவுக்கு பி.பி. மாத்திரை.

ஜூலை 29, செவ்வாய்

கிளப்பிவிட்டது! ஓ.பி.டி.யில் டீயை ஒரு வாய் குடித்துவிட்டு இ.மு. கத்தினான்: “ஏட்டி, சீனி எங்கட்டி?” தானாகப் பேசிய முதல் பேச்சு. கைதட்டிவிட்டேன். நர்ஸும் தட்டினாள். செல்வி தட்டவில்லை. டம்ளரை எடுத்துக்கொண்டு கேன்டீனுக்கு ஓடினாள்.

கமாண்டன்ட் கூப்பிட்டுப் பாராட்டினார். டெல்லி கருத்தரங்கில் இவன் கேஸ்தான்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

செல்வி தனியாக வந்தாள். மணிக்கட்டில் கட்டு. கண்ணுக்குக் கீழே கன்றிப்போய்.

“அவிய முன்னாலயும் இப்பிடித்தான், மேடம். லீவுல வந்தா தெனமும் அடிதான். மலையில விழுந்த பொறவுதான் நான் நிம்மதியாத் தூங்குனேன். மாத்திரைய நிப்பாட்டிருங்க.”

பழைய ஆள் எப்படிப்பட்டவன் என்று நான் கேட்டதே இல்லை. இவன் வீட்டில் மட்டுமில்லை, யார் வீட்டிலும்.

அண்ணனுக்கு போன் போட்டு நிறுத்தச் சொன்னேன். “தம்பி தேறிட்டு வாரான், இப்பப் போயி நிப்பாட்டச் சொல்லுதியளே?” செல்வி வந்ததைச் சொன்னேன். “புருசன் பொண்டாட்டிக்குள்ள ஆயிரம் இருக்கும், மேடம்.” வைத்துவிட்டார்.

செல்வியை இங்கேயே தங்கச் சொன்னேன். தைத்த பைகளை எடுக்க ஆள் வரும் என்று போய்விட்டாள். விட்டிருக்கக் கூடாது.

ஆகஸ்ட் 7, வியாழன்

இ.மு. வந்தான். தனியாக, பஸ் மாறி, ஷேவ் பண்ணி, பெல்ட் கட்டி. டோக்கனும் அவனே எடுத்தானாம். விறைப்பாக சல்யூட். கேட்டதற்கெல்லாம் டாண் டாண் என்று பதில். இப்படி ஒருத்தன் நடந்து வருவதைப் பார்க்கத்தான் இத்தனை வருஷமும்.

“மாத்திரைய நிப்பாட்டச் சொன்னது அவதானாமே, மேடம்? அண்ணன் சொன்னான்.”

செல்வி எங்கே என்றேன்.

“வீட்டுல கெடக்கா. எந்திரிக்க மாட்டேங்கா.”

டாக்ஸியில் எழுதுகிறேன். போலீஸுக்குச் சொல்லியாயிற்று. சயான் சிக்னலில் வண்டி நகரவில்லை. நான் கூப்பிடக் கூப்பிட அவள் போன் அடித்துக்கொண்டே இருக்கிறது.