அழுங்கின் முகவரி

இன்று காலை அச்சகத்தைத் திறக்கும்போது எதிர்ச் சுவரில் போஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். மைதா பசை வாசனை உள்ளே வந்தது. உடனே உன் நினைவு. வேலையே ஓடாமல் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்தவன் நீ. அன்னவாசல் பக்கம் கம்பி பழுது பார்க்கப் போகிற இடத்திலெல்லாம் கீரி, மரநாய், காட்டுமுயல் என்று கண்டதை நோட்டில் குறித்துவைப்பாய். அதையெல்லாம் புத்தகமாகப் போடு என்று நச்சரித்தவன் நான். நம் மாவட்டத்துப் பாலூட்டிகளைப் பற்றி நம் ஆள் எழுதியது என் அச்சகத்தில் வரவேண்டும் என்று எனக்கு ஆசை.

அழுங்கு, அதுதான் எறும்புதின்னி, பற்றிய பக்கத்தில் மட்டும் நீ இடத்தை எழுதவில்லை. செதிலுக்காகவே அதைப் பிடித்து விற்கிறவர்கள் உண்டு, வேண்டாம் என்றாய். நான் விடவில்லை. "எங்க பாத்தன்னு போடாட்டி கதை விடுறேம்பாய்ங்கடா" என்று சொல்லி, குன்றின் பெயரையும் ஊரையும் நானே சேர்த்தேன். மறுத்துப் பேச உனக்கு எப்போதுமே வராது.

புத்தகம் வந்த மாதமே, இரண்டு பேர் கடப்பாரையோடு அந்தக் குன்றுக்கு வழி கேட்டதாக டீக்கடையில் சொன்னார்கள். விற்காத பிரதிகளைக் குவித்துவைத்துக்கொண்டு மூன்று நாள் நாம் இருவரும் அந்த வரியின்மேல் மைதா பசை தடவி வெள்ளைத் தாள் ஒட்டினோம். எவ்வளவு பெரிய முட்டாள்தனம்! அதன்பிறகு வாங்கியவர்களெல்லாம் முதலில் அந்த இடத்தைத்தான் நகத்தால் சுரண்டினார்கள். "ஒட்டுனதுனாலதான்டா உரிச்சுப் பாக்குறாய்ங்க" என்று சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரு நாள் சாயங்காலம் வேர்த்து விறுவிறுத்து வந்தாய். "வளையத் தோண்டிப்புட்டாய்ங்கடா. அங்கிட்டு ஒன்னுமில்ல." அவ்வளவுதான் சொன்னாய். என்னைத் திட்டியிருக்கலாம். டீ வாங்கி வரச் சொன்னாய். நான்தான் அழுதேன்.

நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு இன்னொரு குன்றின் பெயரைச் சொன்னாய். "அங்க ஒன்னு இருக்கு, குட்டியோட. ஒனக்கு மட்டும்தான் சொல்றேன்." வேறு ஆளே கிடைக்கவில்லையா உனக்கு? மறுநாள் நீ போய்விட்டாய்.

இப்போது அந்தக் குன்றில் குவாரிக்கு அளவுக்கல் நட்டிருக்கிறார்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கலாம் என்று எழுத உட்கார்ந்தேன். அழுங்கு இருக்கிறது என்று எழுதினால்தான் காது கொடுப்பார்கள். எழுதினால் அந்தக் காகிதம் எத்தனை கை மாறும், யார் யார் கண்ணில் படும்? எழுதாவிட்டால் வெடி வைப்பார்கள். மூன்று திங்கட்கிழமை போய்விட்டது. என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை, வெட்கமாக இருக்கிறது.

நேற்று விடிந்ததும் அங்கே நடந்து போனேன். வளை வாயில் புதுமண் தள்ளிக் கிடந்தது. பக்கத்துக் கறையான் புற்று கிழிந்திருந்தது, நகத்தடம் ஈரம் காயாமல் இருந்தது. சந்தோஷத்தில் யாரிடமாவது சொல்லவேண்டும் என்று வாய் துடித்தது. திரும்பும்போது ஆடு ஓட்டிக்கொண்டு எதிரே வந்தவர், "என்னங்க, இங்கிட்டு என்னத்தத் தேடுறீங்க?" என்றார்.

"செருப்பு அறுந்துபோச்சுங்க" என்றேன். நல்ல செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, பஸ் ஸ்டாப் வரைக்கும் கருவமுள் குத்தக் குத்த வெறுங்காலோடு வந்தேன்.

உன்னிடம் மட்டும்தான் சொல்ல முடிகிறது. உசுரோட இருக்குடா.