மலர்க்கொடி அக்கா ஏன் மாத்திரை போடவில்லை

புரட்டாசி 20, திங்கள்
காலையிலேயே புழுக்கம். மழை வருகிற மாதிரி போக்குக் காட்டிவிட்டுப் போனது. கொடித் துணியை உள்ளே எடுத்தது வீண்.

பெரிய டாக்டர் கூப்பிட்டார். "ஏம்மா, பயிற்சி டாக்டருங்கள ஊர் ஊரா கூட்டிட்டுப் போறீங்களே, என்ன பிரயோசனம்? வார்டுல ஆள் பத்தல. இந்த வாரம் பாப்பேன். உருப்படியா ஒண்ணும் வரலன்னா நிறுத்திடலாம்." மருத்துவமனைச் சமூகப் பணியாளராக நான் நாலு வருஷம் கெஞ்சி வாங்கிய புதன்கிழமை அரை நாள் அது!

மதியம் மலர்க்கொடி அக்கா வந்தார். பூதலூர் பக்கம், நடவு வேலை. பி.பி. இறங்கவேயில்லை, கால் வீக்கம். பயிற்சி டாக்டர் நிவேதா கேஸ் ஷீட்டில் "சொன்னபடி மருந்து எடுப்பதில்லை" என்று எழுதினாள். நான் போன மாதமே "மறதி" என்று எழுதி, மாத்திரை டப்பா கொடுத்து, போனில் அலாரமும் வைத்துவிட்டவள். புதனன்று அவர் நடவு செய்யும் வயலுக்கே போகிறோம்.

வாங்க வேண்டியது: தொப்பி 2, தண்ணி பாட்டில், கொத்தமல்லி.

புரட்டாசி 22, புதன்
நல்ல வெயில். நிவேதாவின் புதுச் செருப்பு சேற்றுக்குள் போய்விட்டது. இறங்கி நட்டும் பார்த்தாள். ஒரே கோணல். "டாக்டரம்மா, ஊசி போடுற மாதிரி குத்தாதீங்க!" வயலே சிரித்தது.

பத்து மணிக்கு மோர். இவள் ரெண்டு செம்பு. பதினொன்றுக்கு நெளிந்தாள். "அக்கா, பாத்ரூம் எங்க?"

மலர்க்கொடி அக்காவுக்குக் கேட்டுவிட்டது. "இங்க எங்கம்மா இருக்கு? சுத்தி வெட்டவெளி, வரப்புல ஆம்பளைங்க. வரிசைய விட்டுப் போனா பக்கத்து ஆளு நம்ம பங்கையும் நடணும். அதுக்குத்தான் அந்த நீர் மாத்திரைய நான் தொடுறதே இல்ல. போட்டா அரை மணிக்கு ஒருக்கா முட்டுது."

வெட்கமாகப் போய்விட்டது. அவர் வீட்டுக்கு மூன்று தடவை போயும் இதைக் கேட்கவில்லை. அலாரமாம், அலாரம்.

நிவேதா ஊருக்குள் தெருக்கோடி வீட்டுக்கு ஓட்டம். திரும்பி வந்ததும், "வேலை எப்ப முடியும்?"

"ரெண்டு மணிக்கு."

"ரெண்டரைக்கு வீட்ல போட்டா?"

"போடுவனே! நீங்கதான காலைலன்னு எழுதிக் குடுத்தீங்க?"

புரட்டாசி 24, வெள்ளி
தூறல். பஸ் லேட். பெரிய டாக்டர் முன்னால் நிவேதா பேசினாள். "தப்பு அவங்க மேல இல்ல சார். நாம எழுதின நேரத்து மேல." நானும் எழுந்து, 'மறதி' என் தப்பு என்றேன். பாத்ரூம் கதைக்கு எல்லாரும் சிரித்தார்கள். பெரிய டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை.

"நம்ம வார்டுல இன்னும் எத்தனை நடவுப் பொம்பளைங்க இருக்காங்க?"

யாருக்கும் தெரியவில்லை. கேஸ் ஷீட்டில் தொழில் என்ற இடத்தில் எல்லாருக்கும் 'கூலி'.

"போய்க் கேட்டுட்டு வாங்க." நாலு பயிற்சி டாக்டரும் எழுந்து ஓடினார்கள். அறையில் நாங்கள் ரெண்டு பேர்தான்.

"இருபது வருஷமா நானும் காலைலதாம்மா எழுதிக் குடுக்கறேன்," என்றார். அப்புறம், "அடுத்த புதன் வண்டில எனக்கு எடம் இருக்குமா?"