திரைக்குள் நின்ற வீடு

2025 ஜனவரி 7, செவ்வாய்

இன்று காலையும் கணினி அதையே செய்தது. ஆளியைப் போட்டால் விசிறி சுற்றுகிறது, புள்ளிகள் வட்டமாக ஓடுகின்றன, உடனே திரை கறுத்துவிடுகிறது. பிறகு தானாகத் தொடங்கி மறுபடி கறுக்கிறது. பொறுமை போய் வயரைப் பிடுங்கினேன்.

உம்மா தேத்தண்ணியோடு வந்து, "அதுவும் களைச்சுப் போச்சு. கொஞ்சம் இளைப்பாற விடு புள்ள," என்றார்.

எப்படி விடுவது? பதினெட்டாம் திகதி யாழ்ப்பாணத்தில் நானும் உம்மாவும் இருக்கும் வாடகை வீட்டுக்கு, புத்தளத்திலிருந்து வாப்பாவும் என் அண்ணன் றிம்ஸான் நானாவும் வருகிறார்கள். தொண்ணூறில் புலிகள் முஸ்லிம்களை ஊரைவிட்டு வெளியேற்றியபோது விட்டுப்போன காணியை விற்பதா, அதில் வீடு கட்டுவதா என்று அன்றைக்குத்தான் முடிவு. அங்கே இப்போது மிஞ்சியிருப்பது கிணறும் பாதிச் சுவரும்தான். நானா வாங்குவதற்கு ஆளே பார்த்துவிட்டார். லண்டன்காரராம்.

போன மாதம் நான் வரைந்த வீட்டு வரைபடத்தைக் கொண்டுபோய் வாப்பாவிடம் விரித்தேன். "உந்தக் கோடெல்லாம் எனக்கு விளங்காது மகள். உள்ளுக்கை போய்ப் பாத்தாத்தான் சொல்லுவன்," என்றார். வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கெல்லாம் வாசலால் உள்ளே போய்ச் சுற்றிப் பார்க்கிற மாதிரித் திரையில் வீடு செய்து கொடுக்கிறவள் நான். பெற்ற வாப்பாவுக்குச் செய்யமாட்டேனா? காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். கூரையும் கதவுகளும்தான் மிச்சம்.

ஜனவரி 9

மெஷினை ஓட்டோவில் ஏற்றிப் பக்கத்துத் திருநெல்வேலிக்குக் கொண்டுபோனேன். கம்பஸ் பக்கம் கடை வைத்திருக்கும் சுபாங்கன் அண்ணை மூடியைக் கழற்றிவிட்டு, "உள்ளுக்கை செம்பாட்டு மண்தான் கிடக்கு. வெங்காயம் நட்டிருக்கலாம்," என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மெமரி றாமைக் கழற்றி, பள்ளிப் பிள்ளைகளின் அழிறப்பரால் தேய்த்துப் பூட்டினார். தொடங்கியது, கறுத்தது. விண்டோஸ் பழுதாம், நாளைக்கு வரட்டாம். என் கோப்பைத் தன் கடைக் கணினியில் திறந்து பார்த்தார். அது அசையவே இல்லை. பில் அடிக்கத்தான் அது சரி.

ஜனவரி 10, வெள்ளி

விண்டோஸ் புதிதாகப் போட்டாயிற்று. பின்னேரம் வீட்டில் நன்றாக ஓடியது. உம்மாவைக் கூப்பிட்டுக்கூடக் காட்டினேன். படம் காட்டுவதற்கான டிரைவரைப் போட்டதும் பச்சைக் கோடுகள் ஓடின. பிறகு பழைய கறுப்பு.

ஜனவரி 12

பவர் சப்ளையும் மாற்றியாயிற்று. அதுவும் இல்லை.

ஜனவரி 14, தைப்பொங்கல்

சுபாங்கன் அண்ணையின் கடை பூட்டு. நாளைக்கும் திறக்காதாம். ஊரெல்லாம் வெடிச் சத்தம். நான் ஸ்குறூ டிறைவரோடு நிலத்தில் உட்கார்ந்தேன்.

யோசித்துப் பார்த்தால் மெஷின் தன் நோயை முதலே சொல்லிவிட்டது. படம் காட்டும் டிரைவர் இல்லாதபோது ஓடுகிறது, போட்டால் சாகிறது. திரைக்குப் படம் வரைகிற கிராஃபிக்ஸ் கார்டைக் கழற்றி வைத்துவிட்டு, மொனிட்டர் வயரைத் தாய்ப்பலகையிலேயே செருகினேன். தொடங்கியது. திரும்பத் திரும்ப அணைத்துப் போட்டேன், ஒவ்வொரு தடவையும் தொடங்கியது.

கார்ட்தான் செத்துவிட்டது. கண்டுபிடித்த சந்தோசம் உம்மா சோறு போட்டுத் தருகிற மட்டும்தான் இருந்தது. கார்ட் இல்லாமல் மெஷின் ஓடும், வீடு ஓடாது. புறொகிராமைத் திறந்தால் கார்ட் இல்லை என்று சொல்லி மூடிக்கொள்கிறது.

சுபாங்கன் அண்ணைக்குப் போன் எடுத்தேன். "ஓம், நான்தான் பிழையான இடத்தைக் கிண்டிக்கொண்டு நிண்டிட்டன். கொழும்பிலை சொல்லி விடுறன். வெள்ளிக்கிழமை பஸ்ஸிலை வந்திடும்," என்றார்.

ஜனவரி 17

பஸ் வந்தது. பார்சல் வரவில்லை. கொழும்பிலும் பொங்கல் லீவாம்.

என்ன செய்ய நான்? ஆரிட்டைப் போய்ச் சொல்ல? முடிந்த அறைகளையாவது படமாக எடுத்து வைத்திருக்கலாமே மடைச்சி. எல்லாம் முடித்துவிட்டுக் காட்டுவோம் என்ற திமிர்.

ஜனவரி 18, சனி

வரைபடத்தைப் பெரிதாக அச்சடித்துப் பாயில் விரித்தேன். வாப்பா முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு வட்டம் ஒன்றில் விரலை வைத்து, "இதுதானே எங்கடை கிணறு?" என்றார். முகத்தில் அப்படி ஒரு சந்தோசம்.

"இல்லை வாப்பா. அது சாப்பாட்டு மேசை."

சிரித்தார். விரலை எடுத்துக்கொண்டார். பிறகு அவர் தாளைப் பார்க்கவில்லை.

வாசலில் படி வைக்காமல் சரிவாக விட்டிருக்கிறேன், உங்கள் அறையிலிருந்து பள்ளிவாசல் மினாறா தெரியும், கிணற்றடியில் இருந்தபடியே தொழுகைக்குக் கைகால் கழுவி வுளூ செய்யலாம் என்று வாயால் சொல்லிக்கொண்டே போனேன். வாயால் சொல்லி வீடு எழும்புமா? "எனக்கு இன்னும் ரெண்டு நாள் தாங்கோ," என்று கெஞ்சினேன்.

நானா கோபப்படவில்லை. மெதுவாகத்தான் சொன்னார்: "முப்பத்தஞ்சு வருசமா ரெண்டு நாள் ரெண்டு நாள் எண்டுதானே இருந்தம், ஜிஹானா."

அவரில் பிழை சொல்ல முடியவில்லை. அவருடைய பிள்ளைகளின் பள்ளிக்கூடம், கடை எல்லாம் புத்தளத்தில். அதுதான் இன்னும் எரிச்சல்.

வாப்பா எழும்பும்போது என் தலையில் கை வைத்தார். "குறை நினையாதை மகள். எனக்கு ஒண்டும் பிடிபடேல்லை." விற்கச் சம்மதித்துவிட்டார்.

ஜனவரி 20

கார்ட் வந்தது. பூட்டினேன். முதல் தடவையே தொடங்கியது.

பெப்ரவரி 3

உம்மாவும் புத்தளத்துக்கே போய்விடலாம் என்கிறார். மெஷினில் துணி போட்டு மூடியிருக்கிறேன்.

பெப்ரவரி 26

லண்டன்காரர் போனில் வந்தார். நல்ல மனிதர், மரியாதையாகக் கதைத்தார். "தங்கச்சி, உங்கடை நானாதான் நம்பர் தந்தவர். அந்தக் காணியிலை கீழை கடை, மேலை வீடு கட்டப்போறன். உள்ளுக்கை போய்ப் பாக்கிற மாதிரிச் செய்து தருவீங்களோ?"

ஓம் என்றேன்.

காணியின் அளவுகள் எல்லாம் வாப்பாவுக்குச் செய்த பழைய கோப்பில் இருக்கின்றன. திறந்தேன். வாசல் சரிவால் உள்ளே போனேன். வாப்பாவின் அறைக்குள் நின்று ஜன்னலால் பார்த்தேன். மினாறா தெரிந்தது. கிணற்றடிக்குப் போனேன். யாருக்கும் பிடிபடும், அது கிணறுதான்.

பிறகு கோப்பை வேறு பெயரில் சேமித்துக்கொண்டு, சுவர்களை ஒவ்வொன்றாக அழிக்கத் தொடங்கினேன். இடையில் ஒரு தடவையாவது திரை கறுத்துவிடும் என்று பார்த்தேன். கறுக்கவில்லை.